மெடலின் முதுகில் மூன்று புள்ளி

மழை விட்ட மறுநாள் காலையில் என்னைக் கடையில் தேடக்கூடாது என்பது மன்னார் டவுனில் பலருக்குத் தெரியும். கைத்தொலைபேசி திருத்தும் சின்னக் கடை என்னுடையது. ஷட்டர் பாதி இறங்கிக் கிடக்கும். "அவர் பழைய பானை ஓட்டுத்துண்டு பொறுக்கப் போயிட்டார்" என்று பக்கத்துக் கடைக்காரன் வருகிறவர்களுக்கு என் சார்பில் பதில் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டுச் சிரிப்பான். சிரிக்கட்டும். அவனுக்குக் கிரிக்கெட், எனக்கு ஓட்டுத்துண்டு.

நான் மண்ணைத் தோண்டுவதில்லை. சட்டமும் அதற்கு விடாது. அதோடு, கீழே கண்ணிவெடியோ எலும்போ என்று யோசிக்காமல் இந்தத் தீவில் மண்வெட்டியை வைக்க என் வயதுக்காரன் எவனும் துணியமாட்டான். எனக்காக மற்றவர்கள் தோண்டுவார்கள். கிணறு வெட்டுவார்கள், அத்திவாரம் போடுவார்கள், கக்கூசுக் குழி எடுப்பார்கள். தோண்டிய மண் குவியலாகக் கிடக்கும். அதன்மேல் ஒரு நல்ல மழை பெய்யவேண்டும். மணல் கரைந்து இறங்கிவிடும். ஓடோ காசோ மணியோ இருந்தால், அது மட்டும் ஒரு விரலளவு மணல் தூணின்மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். வெயிலை எதிரே வைத்துக்கொண்டு, நன்றாகக் குனிந்து பார்த்தால் தெரியும். "கோயிலிலைகூட நீங்கள் இவ்வளவு குனிஞ்சு நான் காணேல்லை" என்பாள் மனைவி.

அப்படிக் குனிந்து கிடைத்தவை மாஜரீன் டப்பாக்களில் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டு முழுக்க இருக்கின்றன. நீலப்பூ போட்ட சீனப் பீங்கான் துண்டுகள், கடுகு போன்ற கண்ணாடி மணிகள், சங்கு வளையல் முறிகள், எழுத்துத் தேய்ந்த ஒல்லாந்தர் செப்புக்காசு. பெரிதாக ஏதாவது கண்ணில் பட்டால் தொல்பொருள் கந்தோருக்குச் சொல்லிவிடுவேன்; அவர்கள் வந்து எழுதி எடுத்துக்கொண்டு போவார்கள். மற்றதெல்லாம் எவருக்கும் வேண்டாத உடைசல்கள்தான். ஆனாலும் ஒரு துண்டைக் கழுவி, வெயிலில் பிடித்து, "ஆயிரம் வருசம்!" என்று எனக்குள் சொல்லிக்கொள்ளும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் கலியாண வீட்டிலும் கண்டதில்லை. பழசு என்றால் நல்லது. மெத்தப் பழசு என்றால் மெத்த நல்லது. என் பொழுதுபோக்குக்கு இருந்த ஒரே வேதம் அதுதான். புதுசு கிடைத்தால், அது போத்தல் மூடியோ பொத்தானோ, காலால் தள்ளிவிட்டுப் போவேன்.

தாழ்வுபாட்டுக் கரையில் ஒரு வீட்டு முற்றத்தைத் தாண்டித்தான் நான் கடற்கரைக்கு இறங்குவேன். அங்கே என்னைவிடக் கொஞ்சம் இளைய பெண் ஒருத்தி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருப்பாள். புருஷன் செத்துவிட்டார்; பிள்ளைகள் வெளியூரில். அவளும் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்த அவளுடைய தாயும்தான் வீட்டில். "அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்பாள். குடிப்பேன். "இண்டைக்கு என்ன ஆம்பிட்டது?" என்பாள். காட்டுவேன். நான் கொடுக்கும் விளக்கங்களை, கையில் மீனோடு நின்று கேட்பாள். பாவம், எனக்குத் தெரிந்த வேறு ஒருவரும் என்னிடம் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

ஒருநாள் எனக்கு ஒரு மெடல் கிடைத்தது. முட்டை வடிவம், நகத்தளவு, ஒரு பக்கத்தில் மாதாவின் உருவம் மங்கலாக. நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாக அவள் முற்றத்துக்கு வந்தேன். அவள் மீனைக் கீழே போட்டாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, மெடலையே பார்த்தாள்.

"பின்பக்கம் காட்டுங்கோ அண்ணை."

திருப்பிக் காட்டினேன்.

"எத்தினை வருசத்துச் சாமான் இது?"

"முந்நூறு வருசத்துக்குக் குறையாது தங்கச்சி! போர்த்துக்கேயப் பறங்கியள் காலம்! பாருங்கோ இந்த விளிம்பை!"

"அப்ப இல்லை" என்றாள். போய் மீனைத் திருப்பிப் போடத் தொடங்கிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. முந்நூறு வருசத்தை ஒரு பொருட்டாகக்கூட மதிக்காமல் போகிறாளே என்று. பிறகுதான் அவள் தோள் குலுங்குவதைக் கண்டேன்.

அன்றைக்குத்தான் சொன்னாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்டைக்குப் பயந்து ஊரே வள்ளம் ஏறி ராமேஸ்வரம் போனபோது இவர்கள் குடும்பமும் போனது. அவளுடைய தம்பி மட்டும் நின்றுவிட்டான். "எஞ்சினையும் வலையையும் விட்டிட்டு வரேலாது, அடுத்த வள்ளத்திலை வாறன் எண்டவன் அண்ணை." அடுத்த வள்ளம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மண்டபம் அகதி முகாமில் வருஷக்கணக்காக வந்திறங்கிய ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு கந்தோர் கந்தோராக, ஆமிக் காம்ப் காம்பாகக் கேட்டிருக்கிறார்கள். கண்டேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை, காணவில்லை என்று எழுதிக்கொடுக்கத்தான் ஆட்கள் இருந்தார்கள்.

தம்பியின் அரைநாண் கயிற்றில் ஒரு பித்தளை மெடல் இருந்தது. மடு மாதா கோயில் திருவிழாவில் தாய் வாங்கியது. இந்தக் கரையில் வலை வைத்திருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. மிதவையில் அந்தக் குறியைப் போடுவார்கள். வலை அறுந்து போய் எங்கே ஒதுங்கினாலும், குறியைப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்கள். இவர்களுடைய குறி மூன்று புள்ளி. பையன் தொழிலுக்குப் போகத் தொடங்கிய நாளில் தகப்பன் ஆணியை எடுத்து அந்த மெடலின் முதுகில் மூன்று புள்ளி குத்தியிருக்கிறார். கடல் அவனைக் கொண்டுபோனாலும், ஒதுங்கிய இடத்தில் ஆருடைய பிள்ளை என்று தெரியவேண்டும் அல்லவா? தகப்பன் முகாமிலேயே செத்துப்போனார்.

"உங்களுக்கு எல்லாம் பழசாத்தான் ஆம்பிடுமோ அண்ணை?" என்று கேட்டாள். "புதுசு ஒண்டும் ஆம்பிடுறேல்லையோ?"

அதற்குப் பிறகு என் குனிவு மாறிவிட்டது. காலால் தள்ளியதையெல்லாம் கையால் எடுக்கத் தொடங்கினேன். சட்டைப் பொத்தான், பெல்ட்டின் பூட்டு, கண்ணாடி உடைந்த மணிக்கூடு, பல் போன சீப்பு, பேனை மூடி. பையில் கட்டிக்கொண்டு போய் அவள் முன்னால் கொட்டுவேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். "அவன் மணிக்கூடு கட்டுறேல்லை." "இது பொம்பிளைப் பிள்ளையின்ரை சீப்பு." பார்த்துவிட்டு, எனக்கே திருப்பித் தருவாள். எறிய மனம் வரவில்லை. அவள் தம்பியினது இல்லையென்றால் இன்னொருத்தியின் தம்பியினது. அவற்றை ஒரு தனி டப்பாவில் போட்டு வைத்தேன். மற்ற டப்பாக்களைப் பார்த்து வாய் ஓயாமல் பகிடி பண்ணும் மனைவி அந்த டப்பாவைப் பற்றி மட்டும் ஒரு நாளும் பேசியதில்லை.

வருஷத்தில் ஒருமுறை அந்த வீட்டில் சண்டை வரும். நவம்பர் பிறந்து ஆத்துமாக்கள் திருநாள் வந்தால் ஊரே சேமக்காலைக்குப் போகும். கல்லறைகளைச் செதுக்கித் துப்புரவாக்கி, வெள்ளை அடித்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு நடுவிலே ஒரு பெரிய சிலுவை உண்டு. கடலில் போனவர்களுக்கும் வேறு நாட்டில் புதைத்தவர்களுக்கும் அதன் அடியில் கொளுத்தலாம். மகளுக்குத் தம்பிக்காக அங்கே ஒரு திரி கொளுத்தவேண்டும். ஒரு பூசை ஒப்புக்கொடுக்கவேண்டும். அழுது முடிக்கவேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. தாய் படுக்கையில் கிடந்தபடியே கத்துவார்: "உயிரோடை இருக்கிற பிள்ளைக்குத் திரி கொளுத்துவியோடி? உனக்கு என்ன விசரோ? ஒரு முடியைக் கொண்டந்து காட்டு, பிறகு கொளுத்து!" மகள் காட்ட ஒரு முடியும் இருக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு வருஷமும் அவள் தகப்பனுக்கு மட்டும் கொளுத்திவிட்டு வருவாள்.

போன மாரிக்கு முன்னால் தாய்க்குக் காய்ச்சல் வந்து, அதிலிருந்து தேறவில்லை. சுவாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். சாப்பாடு இறங்கவில்லை, தேத்தண்ணியும் இரண்டு மிடறுதான். "அம்மா போறதுக்கிடையிலை தெரிஞ்சிட வேணும் அண்ணை. அவ காத்துக்கொண்டே போகக்கூடாது" என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் என்ன கடவுளா? ஓம் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முதல் மழை பெய்தது. ஊருக்குப் பின்னால் முன்பு ஆமிக் காம்ப் இருந்த காணியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு வீட்டுக்காரர் கக்கூசுக் குழி வெட்டியிருந்தார். அந்தக் குவியலில், மணல் தூணின்மேல், பச்சையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. முட்டை வடிவம். மேலே ஒரு வளையம். பச்சைக் களிம்பும் மணலும் சேர்ந்து இறுகி, முன் எது பின் எது என்று தெரியாமல் இருந்தது. குழி வெட்டியவர்களைக் கேட்டேன், வேறு ஒன்றும் வரவில்லை என்றார்கள். நானும் குவியலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எலும்பு ஏதும் இல்லை. இருந்திருந்தால் நான் பொலிசுக்குப் போயிருக்கவேண்டும்.

அப்படியே குந்திவிட்டேன். வாழ்நாளெல்லாம் கையில் எது வந்தாலும் பழசாக இருக்கட்டும், பழசாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான். அன்றைக்கு எதை வேண்டுவதென்று தெரியவில்லை. பழசென்றால் அவளுக்கு இன்னொரு ஏமாற்றம். புதுசென்றால் அவன் அங்கே கிடந்தான் என்று அர்த்தம். உப்பு மண்ணில் பித்தளைக்கு முப்பது வருஷமும் முந்நூறு வருஷமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைக்குக் கொண்டுபோய், பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, மூங்கில் குச்சியால் அந்தக் களிம்பை மெல்ல மெல்லக் கிள்ளினால்தான் சொல்லலாம்.

வழியில் அவளிடம் காட்டினேன். காட்டாமல் எப்படிப் போவது? உள்ளங்கையில் வைத்தவுடன் கையைப் பொத்திக்கொண்டாள். கேட்டேன், தரவில்லை.

"இண்டைக்கு மட்டும் என்னட்டை இருக்கட்டும் அண்ணை."

"சரி. ஆனால் துடைக்காதையுங்கோ. தண்ணிகூடப் படவேண்டாம். உள்ளை பித்தளை அரிச்சுப்போயிருக்கும், படமும் புள்ளியும் அந்தப் பச்சைக்குள்ளைதான் கிடக்கும். விளங்குதோ? நாளைக்குக் காலமை கண்ணாடியோடை வாறன்."

"ஓம் அண்ணை, ஓம்" என்றாள்.

மறுநாள் நான் போனபோது வாசலிலேயே நின்றாள். குளித்து, தலை ஈரமாக, கோயிலுக்குப் போகிற சீலை உடுத்தியிருந்தாள். ஒரு வெள்ளைக் கைலேஞ்சியை விரித்துக் காட்டினாள். நடுவில் அந்த மெடல், பொன்னாக மினுங்கியது.

புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். புளியும் சாம்பலும் தேங்காய்த் தும்பும். இந்தக் கரையில் திருநாள் வந்தால் பாடுபட்ட சிலுவையையும் மெழுகுதிரித் தண்டையும் புளி போட்டு மினுக்காத வீடு கிடையாது. களிம்பு ஏறிய சாமிப்படத்தைக் கையில் எடுப்பதே பாவம் என்று வளர்ந்தவர்கள்.

"கோதாரி! நான் உங்களுக்கு என்ன சொன்னனான்!" என்று கத்திவிட்டேன். தெருவில் சைக்கிளில் போனவன் திரும்பிப் பார்த்தான்.

"அம்மான்ரை கையிலை குடுக்கப்போற சாமான் அண்ணை. அதுவும் சாமிச் சுருவம் உள்ளது. அழுக்கோடை எப்பிடிக் குடுக்கிறது?" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "மினுக்கினால் புள்ளி தெரியுமெண்டு நினைச்சன். தெரியேல்லை. இன்னும் கொஞ்சம் மினுக்குவம், இன்னும் கொஞ்சம் மினுக்குவம் எண்டு... பிழை செய்துபோட்டனோ அண்ணை?"

அவள் விரல்களைப் பார்த்தேன். நுனித்தோல் உரிந்து சிவந்திருந்தது. அதற்குமேல் கோபம் எங்கே நிற்கும்? எனக்கும் கண் நிறைந்துவிட்டது. முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து கண்ணாடியை எடுத்தேன்.

முன்பக்கத்தில் ஒரு முகமும் இல்லை, ஓர் எழுத்தும் இல்லை. தேய்த்ததில் வளையமும் உடைந்து போயிருந்தது. பின்பக்கம் முழுக்க உப்பு தின்ற குழிகள். புள்ளி தேடினால் எங்கும் புள்ளி. இந்த மூன்றும் ஒரு வரிசை, அந்த மூன்றும் ஒரு வரிசை. எந்த மூன்றை ஆணி குத்தியது, எந்த மூன்றை மண் தின்றது என்று இனிக் கடவுளுக்கும் தெரியாது. பறங்கியர் காலத்ததாக இருக்கலாம். அவளுடைய தம்பியினுடையதாகவும் இருக்கலாம்.

"ஒண்டும் சொல்லேலாது தங்கச்சி" என்றேன்.

"ஆரது அங்கை? என்ன அழுகை?" என்று உள்ளே இருந்து தாயின் குரல் வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அவர் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். "என்ன சாமான்? கொண்டா இஞ்சை."

இருவரும் உள்ளே போனோம். அவர் கண் அவ்வளவாகத் தெரியாதவர். மகள் மெடலை அவர் கையில் வைத்தாள். என்ன, எங்கே கிடைத்தது என்று அழுகைக்கிடையில் சொன்னாள்.  தாய் கட்டைவிரலால் அதன் முதுகைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். வெளியில் காகங்கள் கருவாட்டில் இறங்கின, விரட்ட ஒருவரும் எழும்பவில்லை.

"ஓம்" என்றார். "இதுதான். உன்ரை அப்பு குத்தினது. மூண்டும் கிடக்கு."

மகள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவாமியிட்டைச் சொல்லிப் பூசைக்குக் குடு. இந்த முறை சிலுவையடியிலை கொளுத்து. நான் மறிக்கமாட்டன்." மூச்சு வாங்கினார். "எனக்கும் ஏலாது மோனை. இவ்வளவு காலம் காத்தது காணும்."

எத்தனை வருஷம் இந்த வார்த்தைக்காகச் சண்டை பிடித்தவள்! இதைக் கேட்டால் மகள் ஆறுதலாக அழுது முடிப்பாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவளோ தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்தாள். "இல்லையம்மா! ஐயோ, இல்லையம்மா! அப்பிடிச் சொல்லாதையணை!" தாயின் காலைப் பிடித்தாள், பிறகு என் பக்கம் திரும்பி என் காலைப் பிடித்தாள். "அண்ணை, சொல்லுங்கோ! அது பழசெண்டு சொல்லுங்கோ! பறங்கியள் காலத்துச் சாமானெண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ! என்ரை மாதாவே, ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை!"

கண்ணாடியை மறுபடியும் கண்ணில் வைத்தேன். பார்க்க ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் தேய்த்த புதுக் கீறல்கள்தான் பளபளத்தன. கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்று பார்த்தேன்.

"பழசு அம்மா" என்றேன். "முந்நூறு வருசத்துக்குக் குறையாது."

உண்மையா பொய்யா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மகளின் அழுகை நின்றது. தாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்து நான் எழும்பினேன்.

"வடிவாப் பாத்தனியோ தம்பி?"

"ஓம் அம்மா."

"அப்ப அவன் இன்னும் வரவேணும்" என்றார். மெடலை நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். பிறகு ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி எழும்பப் பார்த்தார். முடியவில்லை. "எடியே, என்னைப் பிடிச்சு இருத்து. போய்ச் சோறு போட்டுக்கொண்டா. நான் இன்னும் இருக்கவேணும்."